புதுப் போர்ட் இருந்தால் மட்டும் போதுமா? யூஎஸ்பி4, தண்டர்போல்ட், இயங்குதள ஆதரவு

கேள்விப்பெட்டி எழுதியது:

நண்பர்களே, என் புது மடிக்கணினியில் இரண்டு யூஎஸ்பி4 போர்ட்டுகள் இருக்கின்றன. கையில் ஏற்கெனவே ஒரு தண்டர்போல்ட் 3 டாக் (ஒரே கம்பியில் மானிட்டர், நெட்வொர்க், யூஎஸ்பி எல்லாவற்றையும் இணைக்கும் பெட்டி) உண்டு. விண்டோஸ் 11-இல் அதைச் செருகினால் மானிட்டர், நெட்வொர்க், கீபோர்டு, மவுஸ் எல்லாமே உடனே வந்துவிடுகின்றன. அதே கணினியில் லினக்ஸுக்குப் போனால் மானிட்டரில் படம் வருகிறது, சார்ஜும் ஏறுகிறது. ஆனால் டாக்கின் நெட்வொர்க் போர்ட், யூஎஸ்பி போர்ட்டுகள் எதிலும் உயிரே இல்லை. கேபிளை மாற்றவில்லை, போர்ட்டையும் மாற்றவில்லை. கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) புதியது. முழு டெஸ்க்டாப் வேண்டாமென்று சின்ன விண்டோ மேனேஜர் ஒன்றை மட்டும் போட்டிருக்கிறேன்.

படம் வருகிறதென்றால் இணைப்பு சரியாக இருக்கிறது என்றுதானே அர்த்தம்? அப்புறம் எப்படிப் பாதி மட்டும் வேலை செய்கிறது?

கூடவே இன்னொன்று. "20 ஜிகாபிட்" என்று அச்சிட்ட வெளி எஸ்எஸ்டி ஒன்று இதே போர்ட்டில் பாதி வேகத்தில்தான் ஓடுகிறது, இரண்டு இயங்குதளங்களிலும். ஏதாவது அப்டேட் வந்தால் சரியாகுமா?

மின்தச்சன் எழுதியது:

இரண்டாவது கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன், அது சுலபம். சரியாகாது. அந்த எஸ்எஸ்டி யூஎஸ்பி 3.2 ஜென் 2x2 வகை. 10 ஜிகாபிட் தடங்கள் இரண்டை ஒன்றாகச் சேர்த்துத்தான் அது 20-ஐ எட்டுகிறது. யூஎஸ்பி4 ஸ்பெக்கில் (தர விதிமுறையில்) இந்த 2x2 கட்டாயம் இல்லை, விருப்பம் இருந்தால் வைக்கலாம். உங்கள் கணினியின் கன்ட்ரோலரில் அது இல்லை, ஆகவே 10-க்கு இறங்கி ஓடுகிறது. 40 ஜிகாபிட் போர்ட்டில் 20 ஜிகாபிட் டிஸ்க் 10-இல் ஓடுவது எரிச்சலான விஷயம்தான். ஆனால் இதில் இயங்குதளம் செய்ய எதுவும் இல்லை.

முதல் கேள்வி வேறு ரகம். ஒரு தண்டர்போல்ட் டாக்கைச் செருகும்போது அந்த ஒரே கம்பிக்குள் பல சுரங்கங்கள் ஓடுகின்றன. மானிட்டருக்கு டிஸ்ப்ளேபோர்ட் சுரங்கம், மற்ற சாதனங்களுக்கு பிசிஐ எக்ஸ்பிரஸ் (கணினிக்குள் கார்டுகளை இணைக்கும் வழி) சுரங்கம். மின்சாரம் இவற்றில் எதிலும் போவதில்லை, அதற்குப் பவர் டெலிவரி என்று தனிப் பேச்சுவார்த்தை இருக்கிறது. தண்டர்போல்ட் 3 டாக்குகளில் யூஎஸ்பி போர்ட்டுகள் நேரடியாக உங்கள் கணினியோடு பேசுவதில்லை. டாக்குக்குள்ளேயே ஒரு யூஎஸ்பி கன்ட்ரோலர் உட்கார்ந்திருக்கும், அது கணினிக்கு ஒரு பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டாகத்தான் தெரியும். நெட்வொர்க் போர்ட்டும் இதில் ஏதாவது ஒரு வழியாகத்தான் வருகிறது. ஆகவே படம் வந்து, மற்றதெல்லாம் செத்துக் கிடக்கிறது என்றால், டிஸ்ப்ளே சுரங்கம் போடப்பட்டிருக்கிறது, பிசிஐ எக்ஸ்பிரஸ் சுரங்கம் போடப்படவில்லை.

அதைப் போடுவதா வேண்டாமா என்று முடிவு செய்வது கனெக்‌ஷன் மேனேஜர். பழைய தண்டர்போல்ட் 3 பிசிக்களில் அது ஃபர்ம்வேரில் (ஹார்டுவேரிலேயே பதிந்துவரும் மென்பொருளில்) இருந்தது. யூஎஸ்பி4 வந்த பிறகு அந்த வேலை பெரும்பாலும் இயங்குதளத்தின் கைக்கு வந்துவிட்டது. இந்த இழையில் மற்ற எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். முன்பெல்லாம் இயங்குதளம் "ஒரு சாதனம் வந்திருக்கிறது, டிரைவர் இருக்கிறதா" என்று பார்த்தால் போதும். இப்போது பாதையையே அதுதான் போட வேண்டும்.

/சிஸ்/பஸ்/தண்டர்போல்ட்/டிவைசஸ் அடைவுக்குள் போய், உங்கள் டாக்குக்கான கோப்புறையில் "ஆத்தரைஸ்ட்" என்ற கோப்பைத் திறந்து பாருங்கள். உள்ளே 0 என்று இருக்கும் என்று நினைக்கிறேன்.

கேள்விப்பெட்டி எழுதியது:

0 என்றுதான் இருக்கிறது! ரூட்டாக இருந்து அதில் 1 என்று எழுதினேன். ஒரு நொடி எதுவும் நடக்கவில்லை. பிறகு கர்னல் பதிவில் வரிசையாக வரிகள் ஓடின: புது பிசிஐ பிரிட்ஜ், அதன் கீழே எக்ஸ்ஹெச்சிஐ (யூஎஸ்பி 3) கன்ட்ரோலர், அதன் கீழே ஹப், கீபோர்டு, மவுஸ். நெட்வொர்க் போர்ட்டின் விளக்கும் எரிகிறது. மிக்க நன்றி.

ஆனால் ஒவ்வொரு முறையும் இப்படி எழுத வேண்டுமா? விண்டோஸில் கேட்கவே இல்லையே?

நிரல்நேசன் எழுதியது:

தேவையில்லை. போல்ட் என்ற சேவையை நிறுவுங்கள். பெரிய டெஸ்க்டாப்புகளில் அது கூடவே வந்துவிடும், நீங்கள் சின்ன விண்டோ மேனேஜர் வைத்திருப்பதால் வரவில்லை. அதன் கட்டளையில் "என்ரோல்" கொடுத்து ஒருமுறை டாக்கைப் பதிந்துவிட்டால் அடுத்த முறை தானாகவே அனுமதிக்கும்.

இந்தப் பூட்டு ஏன் இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் "அதை அணைத்துவிடுங்கள், தொல்லை தீரும்" என்று யாராவது வந்து சொல்வார்கள். பிசிஐ எக்ஸ்பிரஸ் சாதனம் ஒன்று, சிபியுவைக் கேட்காமலேயே நினைவகத்தைப் படிக்கவும் எழுதவும் முடியும். இதற்கு டிஎம்ஏ என்று பெயர். கணினிக்குள் திருகாணி போட்டு மாட்டிய கார்டுக்கு அது பிரச்சினை இல்லை. வெளியே யார் வேண்டுமானாலும் செருகக்கூடிய போர்ட்டுக்கு அதே உரிமையைக் கொடுத்தால்? 2019-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழு ஒன்று தண்டர்கிளாப் என்ற பெயரில் இதைக் காட்டியது. விண்டோஸ், மேக், லினக்ஸ், ஃப்ரீபிஎஸ்டி நான்கிலுமே பாதுகாப்பில் ஓட்டை இருந்தது. அடுத்த ஆண்டே ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலிருந்து தண்டர்ஸ்பை வந்தது. அது தண்டர்போல்ட்டின் பாதுகாப்பு நிலைகளையே தாண்டிப் போனது.

இதற்கு உண்மையான மருந்து ஐஓஎம்எம்யு. சாதனம் எந்த நினைவகப் பகுதியைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று வேலி போடும் ஹார்டுவேர் அது. ஆனால் ஹார்டுவேர் இருந்தால் மட்டும் போதாது, இயங்குதளம் அதை இயக்க வேண்டும், ஃபர்ம்வேரும் ஒத்துழைக்க வேண்டும். விண்டோஸ் 10-இன் 1803 பதிப்பில், 2018-இல், கர்னல் டிஎம்ஏ பாதுகாப்பு என்று இது வந்தது. உங்கள் கணினியில் விண்டோஸ் கேட்காமல் அனுமதிப்பதற்குக் காரணம் இதுதான்: வேலி இருப்பதால் தைரியமாக உள்ளே விடுகிறது. லினக்ஸிலும் வேலி இருக்கிறதென்று தெரிந்தால் போல்ட் தானாகவே அனுமதிக்கும். உங்கள் கணினியில் வேலியும் இருந்திருக்கலாம், அதைப் பார்த்து முடிவெடுக்கும் ஆள்தான் இல்லை. "ஐஓஎம்எம்யு டிஎம்ஏ புரொடெக்‌ஷன்" என்ற கோப்பு அதே அடைவில் டொமைன் கோப்புறையில் இருக்கும். 1 என்றிருந்தால் நிம்மதி.

அணைத்து மட்டும் விடாதீர்கள்.

பழையகணினி எழுதியது:

இந்தக் கதை ஒவ்வொரு தலைமுறைக்கும் நடக்கிறது. ஸ்பெக் வரும், சிப் வரும், பெட்டியில் லோகோ வரும். இயங்குதளம் கடைசியில் வந்து சேரும்.

யூஎஸ்பி 1.0 வந்தது 1996-இல். விண்டோஸ் 95-இல் பின்னால் ஒட்டுப்போட்ட ஆதரவுதான் இருந்தது, விண்டோஸ் 98 வந்த பிறகுதான் சாதாரண மக்கள் நம்பிச் செருக முடிந்தது. அதிலும் 1998-இல் மேடையில் ஸ்கேனரைச் செருகிக் காட்டியபோது நீலத்திரை வந்த காட்சியை உலகமே பார்த்தது. விண்டோஸ் என்டி 4-க்கு அதிகாரப்பூர்வ யூஎஸ்பி ஆதரவு கடைசிவரை வரவே இல்லை.

யூஎஸ்பி 3.0-வில் முந்திக்கொண்டது லினக்ஸ். ஸ்பெக் 2008 நவம்பரில், லினக்ஸ் 2.6.31-இல் ஆதரவு 2009 செப்டம்பரில். அப்போது கடைகளில் சாதனங்களே கிடையாது. அதற்கு அடுத்த மாதம் வெளியான விண்டோஸ் 7-இல் சொந்த ஆதரவு இல்லை, 2012-இல் விண்டோஸ் 8-இல்தான் வந்தது. இதன் விளைவு பல ஆண்டுகள் கழித்து வேறு ரூபத்தில் வெடித்தது. 2015-இல் வந்த இன்டெல்லின் ஆறாம் தலைமுறைக் கணினிகளில் பழைய இஹெச்சிஐ (யூஎஸ்பி 2) கன்ட்ரோலரை எடுத்துவிட்டார்கள், எக்ஸ்ஹெச்சிஐ மட்டும்தான். விண்டோஸ் 7-ஐ நிறுவப் போனவர்களுக்கு முதல் திரை வரும், கீபோர்டும் வேலை செய்யாது, மவுஸும் வேலை செய்யாது. நிறுவும் பென்டிரைவே அதற்குத் தெரியாது. டிரைவரை நிறுவும் வட்டுக்குள் முன்கூட்டியே திணித்துவைக்க வேண்டியிருந்தது. அந்தத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும், "ஆதரவு இல்லை" என்றால் என்னவென்று.

ஒலிப்பதிவர் எழுதியது:

பழையகணினி சொன்னதோடு ஒலித்துறையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். யூஎஸ்பி ஆடியோ கிளாஸ் 2 ஸ்பெக் 2006-இல் வந்தது. மேக், லினக்ஸ் இரண்டிலும் 2010 வாக்கிலேயே டிரைவர் இல்லாமல் செருகி வேலை செய்யலாம். விண்டோஸில் சொந்த ஆதரவு வந்தது 2017-இல், விண்டோஸ் 10-இன் 1703 பதிப்பில். இடைப்பட்ட அத்தனை ஆண்டும் ஒவ்வொரு ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) கம்பெனியும் தன் சொந்த டிரைவரை எழுதிக் கொடுத்தது. கம்பெனி அந்த மாடலைக் கைவிட்டதும் டிரைவரும் போயிற்று. நல்ல ப்ரீஆம்ப் உள்ள, ஒரு கீறல்கூட விழாத பெட்டிகள் டிரைவர் இல்லாமல் அலமாரியில் கிடப்பதைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

அதனால்தான் நான் எப்போதும் சொல்வது: "கிளாஸ் கம்ப்ளையன்ட்" என்று போட்டிருந்தால் மட்டும் வாங்குங்கள். கீபோர்டு, பென்டிரைவ், வெப்கேம் எல்லாம் இன்று எங்கும் ஓடுவது பொது வகுப்பு ஒன்றுக்குள் அவை வருவதால்தான். கம்பெனி போனாலும் வகுப்பு இருக்கும்.

மறுபக்கமும் உண்டு. ஃபயர்வயர் என்ற பழைய இணைப்பு முறைக்கான ஆதரவை 2025-இல் மேக்ஓஎஸ் 26-இல் எடுத்துவிட்டார்கள். இயங்குதளம் கதவைச் சாத்தினால், கம்பி நன்றாக இருந்தும் பயனில்லை.

துறைமுகம் எழுதியது:

எல்லாரும் இயங்குதளத்தையே குற்றம் சொல்கிறீர்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். முதல் குற்றவாளி ஸ்பெக் எழுதியவர்கள்தான்.

யூஎஸ்பி 3.0 என்றார்கள். பிறகு அதையே 3.1 ஜென் 1 என்றார்கள். பிறகு 3.2 ஜென் 1. வேகம் அதே 5 ஜிகாபிட். டைப்-சி என்பது வெறும் வாய், அதற்குள் யூஎஸ்பி 2 மட்டுமே இருக்கலாம், 80 ஜிகாபிட்டும் இருக்கலாம், படம் போகலாம், போகாமலும் இருக்கலாம். யூஎஸ்பி4 என்றாலும் 20 ஜிகாபிட்டோடு நிறுத்திக்கொள்ளலாம், கணினிப் பக்கம் பிசிஐ எக்ஸ்பிரஸ் சுரங்கம்கூடக் கட்டாயமில்லை. இத்தனை "விருப்பம் இருந்தால்" வைத்துவிட்டு, இயங்குதளம் எழுதுகிறவன் தலையில் கட்டினால் அவன் என்ன செய்வான்? கேள்விப்பெட்டி நண்பரின் எஸ்எஸ்டியே சாட்சி.

மின்தச்சன் எழுதியது:

துறைமுகம் சொல்வதில் பாதி சரி. பெயர்க் குழப்பத்துக்கு யாரும் வக்காலத்து வாங்க முடியாது.

ஆனால் இன்னொரு பாதி இருக்கிறது. போர்ட்டில் என்ன இருக்கிறது, எதிர்முனையில் என்ன இருக்கிறது, இடையில் கேபிள் என்ன சொல்கிறது, கடைசியில் எந்த வேகத்தில் ஒப்பந்தம் ஆனது என்று இந்த நான்கையும் பார்க்கக்கூடிய இடத்தில் இருப்பது இயங்குதளம் ஒன்றுதான். டைப்-சி போர்ட் நிலவரத்தை அதற்குத் தெரிவிக்க யுசிஎஸ்ஐ என்று ஒரு பொது இடைமுகமே இருக்கிறது. விண்டோஸ் 10-இலும் இருக்கிறது, லினக்ஸிலும் 2017-இலிருந்து இருக்கிறது. தகவல் கையில் இருக்கும்போது பயனரிடம் சொல்லாமல் இருப்பது யார் தவறு? "இந்த டிஸ்க் 20-இல் ஓடக்கூடியது, இந்தப் போர்ட்டில் 2x2 இல்லாததால் 10-இல் ஓடுகிறது" என்று ஒரு வரி காட்டியிருந்தால் அந்த இரண்டாவது கேள்வியே இங்கே வந்திருக்காது.

கொஞ்சம் கொஞ்சமாக மாறுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். விண்டோஸ் 11-இல் யூஎஸ்பி4 ஹப்புகளையும் சாதனங்களையும் மரமாகக் காட்டும் பக்கம் அமைப்புகளில் வந்துவிட்டது. 24ஹெச்2 பதிப்புக்கான சான்றிதழ் விதியில், மடிக்கணினிகள், டேப்லெட்டுகளின் டைப்-சி போர்ட் ஒவ்வொன்றும் தரவு, சார்ஜ், காட்சி மூன்றையும் தாங்க வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட் கட்டாயமாக்கியிருக்கிறது. ஸ்பெக் எழுதியவர்கள் விருப்பம் என்று விட்டதை, இயங்குதளம் செய்கிறவர்கள் கட்டாயம் ஆக்குகிறார்கள். துறைமுகம், உங்கள் வாதத்துக்கு இதுவே பதில் என்று நினைக்கிறேன்.

துறைமுகம் எழுதியது:

அந்த விதி சான்றிதழ் கேட்கும் கணினிகளுக்கு மட்டும்தான். தனியாக மதர்போர்டு வாங்கிக் கட்டுகிறவர்களுக்கு யார் பொறுப்பு? சரி, பயனரிடம் சொல்ல வேண்டும் என்பதில் உடன்படுகிறேன். ஆனால் ஸ்பெக்கைத் திருத்தாமல் மேலே எத்தனை அறிவிப்பு காட்டினாலும் முழுத் தீர்வு இல்லை, அதில் மாற்றமில்லை.

ஆப்பிள்தோட்டம் எழுதியது:

இயங்குதளம்தான் என்று உறுதியாகச் சொல்லக்கூடிய ஒரு உதாரணம் மேக் பக்கம் இருக்கிறது. டிஸ்ப்ளேபோர்ட்டில் எம்எஸ்டி என்று ஒரு வசதி. ஒரே டிஸ்ப்ளேபோர்ட் இணைப்பில் இரண்டு மூன்று மானிட்டர்களுக்குத் தனித்தனிப் படம் அனுப்பலாம். மலிவான டைப்-சி ஹப்புகள் பெரும்பாலும் இதைத்தான் நம்பியிருக்கின்றன. மேக்ஓஎஸ் இப்படித் தனித்தனித் திரைகளாக விரிப்பதில்லை, இரண்டிலும் ஒரே படம்தான் வரும். இன்டெல் மேக் ஒன்றில் ஆப்பிளின் பூட் கேம்ப் கருவி வழியாக விண்டோஸைப் போட்டால், அதே மேக், அதே ஹப், அதே மானிட்டர்கள், இரண்டிலும் தனித்தனிப் படம் வரும். ஹார்டுவேர் முழுக்கத் தயார், மென்பொருள் மட்டும் கை விரிக்கிறது.

ஆகவே மேக்கில் ஒரே கம்பி வழியாக இரண்டு மானிட்டர் வேண்டுமென்றால் உண்மையான தண்டர்போல்ட் டாக் வாங்க வேண்டும். உங்கள் சிப் எத்தனை வெளித்திரைகளைத் தாங்கும் என்பதையும் முதலில் பாருங்கள். இல்லாவிட்டால் டிஸ்ப்ளேலிங்க் வகை. அது படத்தைச் சுருக்கிச் சாதாரண யூஎஸ்பி தரவாக அனுப்பும், ஆனால் டிரைவர் வேண்டும், மேக்கில் திரைப்பதிவு அனுமதியும் கேட்கும்.

நிரல்நேசன் எழுதியது:

லினக்ஸில் டிஸ்ப்ளேலிங்க்கை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதற்கு வேண்டிய எவ்டி மாட்யூல் (கர்னலோடு சேர்ந்து ஓடும் டிரைவர்) கர்னலோடு வருவதில்லை, தனியாகக் கம்பைல் செய்ய வேண்டும். கர்னலை மேம்படுத்தியதும் சில நேரம் கம்பைல் ஆகாது, காலையில் கணினியைத் திறந்தால் வெளித்திரை கறுப்பாக இருக்கும்.

இருதிரை எழுதியது:

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். என்னிடம் 40 ஜிகாபிட் யூஎஸ்பி4 டாக், இரண்டு 4கே மானிட்டர்கள். முதலாவது 60 ஹெர்ட்ஸில் ஓடுகிறது, இரண்டாவது 30-க்கு மேல் ஏற மறுக்கிறது. மானிட்டர்களை மாற்றிச் செருகினால், பிறகு செருகுவது எதுவோ அது 30. இரண்டு 4கே படங்களுக்கு 40 ஜிகாபிட் போதாதா?

மின்தச்சன் எழுதியது:

நல்ல கேள்வி, கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு 4கே 60 ஹெர்ட்ஸ் படம், சாதாரண 24 பிட் நிறத்தில், சுமார் 13 ஜிகாபிட். இரண்டுக்கு 26. 40-க்குள் தாராளமாக அடங்கும்.

ஆனால் கனெக்‌ஷன் மேனேஜர் இப்படிக் கணக்குப் போடுவதில்லை. டிஸ்ப்ளே சுரங்கத்துக்கு இடம் ஒதுக்கும்போது, மானிட்டர் இப்போது எவ்வளவு பயன்படுத்துகிறது என்று பார்க்காமல், அந்த இணைப்பு அதிகபட்சம் எவ்வளவு கேட்கக்கூடும் என்று பார்க்கிறது. உங்கள் மானிட்டர்கள் ஹெச்பிஆர்3 என்ற டிஸ்ப்ளேபோர்ட் வேகம் தெரிந்தவையாக இருக்கும். நான்கு தடங்களில் அது 25.92 ஜிகாபிட். முதல் மானிட்டர் அதை முழுசாகப் பிடித்துக்கொள்கிறது, பாதியை வெறுமனே வைத்திருக்கிறது. மிச்சம் 14. அடுத்த படி ஹெச்பிஆர்2-வுக்கு 17.28 வேண்டும், அடங்காது. அதற்கும் கீழே இறங்கினால் 8.64 கிடைக்கும், அதில் 4கே 30 ஹெர்ட்ஸ்தான் போகும். பேருந்தில் இரண்டு இருக்கைக்குத் துண்டு போட்டுவிட்டு ஒன்றில் உட்கார்ந்திருக்கும் ஆளைப் போலத்தான் உங்கள் முதல் மானிட்டர்.

இதற்கு யூஎஸ்பி4-இல் தீர்வு இருக்கிறது. பேண்ட்விட்த் ஒதுக்கீட்டு முறை என்று பெயர். கிராபிக்ஸ் டிரைவர் "எனக்கு 13 போதும்" என்று சொல்லும், கனெக்‌ஷன் மேனேஜர் மிச்சத்தை விடுவிக்கும். ஆனால் கன்ட்ரோலர், கனெக்‌ஷன் மேனேஜர், கிராபிக்ஸ் டிரைவர் மூன்றுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். லினக்ஸில் தண்டர்போல்ட் டிரைவருக்கு முதலில் வந்தது, கிராபிக்ஸ் பக்கம் பின்னால்தான் வந்து சேர்ந்தது. நீங்கள் எந்த இயங்குதளம்?

இருதிரை எழுதியது:

லினக்ஸ்தான், நீண்டகால ஆதரவுப் பதிப்பு. கர்னல் 6.1.

மின்தச்சன் எழுதியது:

அப்படியென்றால் புதிய கர்னலுக்குப் போய்ப் பாருங்கள். தண்டர்போல்ட் டிரைவரில் இந்த வசதி 6.1-க்குப் பிறகு வந்தது. உடனடியாக வேண்டுமென்றால், மானிட்டரின் மெனுவுக்குள் போய் டிஸ்ப்ளேபோர்ட் பதிப்பை 1.4-இலிருந்து 1.2-க்குக் குறையுங்கள். பல மானிட்டர்களில் அந்த வசதி இருக்கும். அப்போது ஹெச்பிஆர்2-ஐ மட்டுமே காட்டும். இரண்டுக்கும் 17.28, கூட்டினால் 34.56, இரண்டும் 60 ஹெர்ட்ஸில் ஓட வேண்டும்.

இருதிரை எழுதியது:

மெனுவில் 1.2 வைத்தேன். இரண்டிலும் 60 ஹெர்ட்ஸ்! கர்னலை வார இறுதியில் மாற்றிப் பார்க்கிறேன். இந்தத் தகவல் டாக்கின் கையேட்டில் எங்குமே இல்லை.

கேள்விப்பெட்டி எழுதியது:

போல்ட் நிறுவி டாக்கைப் பதிந்துவிட்டேன், மறுதொடக்கம் செய்தபோது எல்லாம் தானாகவே வந்தது. டிஎம்ஏ பாதுகாப்புக் கோப்பில் 1 என்றும் இருக்கிறது.

கடைசியாக ஒன்று. வீட்டில் இன்னொருவருக்கு அடுத்து ஒரு கணினி வாங்கப்போகிறோம். 80 ஜிகாபிட் யூஎஸ்பி4, தண்டர்போல்ட் 5 என்கிறார்கள். இப்போதே வாங்கலாமா, காத்திருக்கலாமா?

நிரல்நேசன் எழுதியது:

யூஎஸ்பி4 பதிப்பு 2 ஸ்பெக் 2022 அக்டோபரில் வந்தது. லினக்ஸில் முதல் ஆதரவு 6.5-இல், 2023-இல். விண்டோஸ் 11-இல் 2024 ஜனவரியில் சோதனைப் பதிப்பில் வந்தது. மேக்கில் 2024-இன் எம்4 ப்ரோ கணினிகளிலிருந்து தண்டர்போல்ட் 5 உண்டு. முந்தைய தலைமுறைகளோடு ஒப்பிட்டால் இந்த முறை இயங்குதளங்கள் வேகமாகவே வந்திருக்கின்றன. பழையகணினி கோபித்துக்கொள்ளக்கூடாது.

கவனிக்க வேண்டியது ஒன்று. இதில் ஒரு புது வித்தை இருக்கிறது: படத்துக்கு அதிக இடம் தேவைப்பட்டால் ஒரு பக்கம் 120, மறுபக்கம் 40 என்று தடங்களைத் திருப்பிக்கொள்ளும். எப்போது திருப்புவது, எப்போது மீட்பது என்று முடிவெடுப்பது மறுபடியும் கனெக்‌ஷன் மேனேஜர்தான். லினக்ஸில் இது 6.5-இல் இல்லை, பிந்தைய பதிப்புகளில் வந்தது. ஆகவே பெட்டியில் 120 என்று பார்த்து வாங்கிவிட்டுப் பழைய கர்னலைப் போட்டால் அந்த எண் கிடைக்காது.

அதிவேக எஸ்எஸ்டி, உயர் ஹெர்ட்ஸ் மானிட்டர் என்று தெளிவான தேவை இருந்தால் இப்போதே வாங்கலாம். ஒரு டாக், ஒரு மானிட்டர், ஒரு பேக்கப் டிஸ்க் என்றால் 40 ஜிகாபிட் தாராளம். எதை வாங்கினாலும் விற்பவரிடம் "யூஎஸ்பி4-ஆ?" என்று மட்டும் கேட்காதீர்கள். எத்தனை ஜிகாபிட், பிசிஐ எக்ஸ்பிரஸ் சுரங்கம் உண்டா, நீங்கள் போடப்போகும் இயங்குதளத்தின் எந்தப் பதிப்பிலிருந்து முழு ஆதரவு என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்குப் பதில் வராவிட்டால், திருப்பிக் கொடுக்கும் வசதி இருக்கும் இடத்தில் வாங்கி, முதல் வாரத்திலேயே உங்கள் டாக்கையும் மானிட்டர்களையும் செருகி, தூக்கத்தில் போட்டு எழுப்பியும் பாருங்கள். எழுந்த பிறகு டாக் காணாமல் போவதுதான் இன்னும் அதிகம் கேள்விப்படும் புகார்.